டார்ட் வண்டிக்கு எலும்பு வைத்த வருஷம்

ஜூலை 14, 2013, ஞாயிறு

சபையில் இன்று பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. நினைப்பெல்லாம் டார்ட் காரின் கதவிலேயே இருந்தது.

நேற்று பந்தயத் திடலில் ரெய்னி கால் மைலை ஒன்பதே முக்கால் நொடியில் கடந்தாள். என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, அப்படி ஒரு கிளம்பலை அந்தத் திடல் பார்த்ததில்லை. பச்சை விளக்கு எரிந்ததும் இடது முன்சக்கரம் என் இடுப்பு உயரத்துக்கு எழும்பியது. வலது சக்கரம் தரையை விடவே இல்லை. அப்போதே தெரிந்துவிட்டது. வண்டி தூக்கவில்லை, முறுக்கிக்கொள்கிறது. ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி. கோட்டைத் தாண்டிப் போய் நின்ற பிறகு கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலைகீழாக ஊர்ந்து வெளியே வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள், கழுதை. தீப்பிடித்திருந்தால்?

கூரையும் பின்தூணும் சேருகிற இடத்தில் விரல் நீளத்துக்குத் தகடு கிழிந்திருக்கிறது.

திடலில் வண்டிகளைச் சோதனை போடுகிற ஓடெல் வந்து பார்த்தார். "வெர்லீன் அக்கா, பத்து நொடிக்குக் கீழ வந்துட்டா. இனிமே இந்த ஒத்த வளையம் பத்தாது. வண்டி உருண்டா ஆளக் காக்கற முழுக் குழாய்க் கூண்டு போடணும், நான் பாத்து ஸ்டிக்கர் ஒட்டணும். அப்பத்தான் கோட்டுக்கு விடுவேன். உங்க பேத்தியா இருந்தாலும் சரி, என் பேத்தியா இருந்தாலும் சரி."

அது நியாயம். அதில் எனக்குக் கோபம் இல்லை. கோபம் ராய்ஸ் டேக்கட் மேல். நெடுஞ்சாலை ஓரத்தில் பந்தய வண்டி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான், அந்தத் திமிர். கையில் ஹாட்டாக்கோடு வந்து நின்றான்.

"அக்கா, அது காரே இல்ல, சோடா டப்பா. எண்ணூறு குதிரை சக்தி இன்ஜினப் பூட்டினா டப்பா கிழியத்தான் செய்யும். பொண்ண நம்ம பட்டறைக்கு அனுப்புங்க, நல்ல வண்டியா பாத்து உக்கார வைக்கிறேன்."

"கூண்ட நானே போடுவேன்."

"நீங்களா? அது நூறு பக்க ரூல் புக்கு அக்கா. படிக்கணும்ல?"

கூட நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஆமாம், அஞ்சாம் வகுப்புதான். அதற்கு மேல் படிக்க மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டும், வீட்டில் எனக்குக் கீழே நான்கு பேர். ஆனால் இருபத்தேழு வருஷம் நிலக்கரி லாரிக்குத் தொட்டி வெல்டிங் செய்தவள் நான். நான் சேர்த்த தொட்டி ஒன்று பிரிந்தது என்று இந்த மாவட்டத்தில் ஒருத்தன் சொல்லட்டும்.

சோடா டப்பாவா? பார்க்கிறேன்.

ஜூலை 15

அக்டோபர் பன்னிரண்டு பெரிய பந்தயம். மூன்று மாநிலத்திலிருந்து பதினாறு வண்டிக்குத்தான் இடம். ரெய்னி பதினாறாவது. ஸ்டிக்கர் அக்டோபர் ஐந்துக்குள் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதினேழாவது ஆளுக்குப் போய்விடும். பதினேழாவது யார்? டேக்கட் கட்டிய வண்டி. வேறு யாராக இருக்கும்!

டெல்பர்ட்டின் டிங்கர் பட்டறையில் பாதி இடம் கேட்டேன். என் மகன்தானே, ரெய்னியின் அப்பாதானே, என்ன சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

"இந்த வருஷம் விட்டுடேன்மா" என்றான்.

"ஏன்டா?"

"சும்மாதான்."

சும்மா என்று எதையும் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. இடம் கொடுத்துவிட்டான்.

ஜூலை 22

தரைக்கம்பளம், இருக்கை எல்லாம் பிடுங்கிப் போட்டோம். அடியில் படுத்துப் பார்த்தேன். அறுபத்தெட்டாம் வருஷத்து டார்ட்டுக்கு அடிச்சட்டம்தான் எலும்பு; முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி. முன்னெலும்பு ஓட்டுகிறவளின் தொடைக்குக் கீழே முடிந்துவிடுகிறது. பின்னெலும்பு அவள் முதுகுக்குப் பின்னால்தான் தொடங்குகிறது. நடுவில்? வெறும் தகடு. பால்காரன் வண்டி வேகத்துக்கு அது போதும். எண்ணூறு குதிரை பின்சக்கரத்தை உதைக்கும்போது முன்பாதி ஒரு பக்கம் திரும்பும், பின்பாதி இன்னொரு பக்கம். நடுவில் உட்கார்ந்திருப்பது என் பேத்தி.

டேக்கட் சொன்னது பொய்யில்லை. அதுதான் எரிச்சல்.

ஜூலை 30

இரண்டுக்கு மூன்று அங்குல செவ்வகக் குழாய். இரண்டு பக்கமும் முன்னெலும்பையும் பின்னெலும்பையும் சேர்த்தாயிற்று. வண்டியைத் தூக்கி நிறுத்தாமல், நாலு சக்கரத்தில் அதன் கனம் அதன் மேலேயே இருக்கும்படி வைத்துத்தான் செய்தேன். தொங்கவிட்டு வெல்டிங் செய்தால் தொங்குகிற கோணலிலேயே இறுகிவிடும். இந்தப் பக்கம் ஒரு அங்குலம், அந்தப் பக்கம் ஒரு அங்குலம். நடுவில் ஆற விட வேண்டும். ரெய்னிக்குப் பொறுமை கிடையாது.

"பாட்டி, ஒரே இழுப்பா இழுத்துட வேண்டியதுதான?"

"இழுத்தா வண்டி வாழைப்பழமா வளையும். வளைஞ்ச வண்டில நேரா போவியா?"

"நான் எதுலயும் நேரா போவேன்."

கொழுப்பு. எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 3

எலும்புகள் சேர்கிற மூலைகளைப் பெட்டி மாதிரி தகடு வைத்து மூடினேன். முழங்காலை மடக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 11

ரூல் புத்தகம் வந்துவிட்டது. காலையில் சாப்பிட்டுவிட்டுப் பென்சிலோடு உட்கார்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று பக்கம். தெரியாத வார்த்தைக்கு அடியில் கோடு. மாலையில் ரெய்னி வேலையிலிருந்து வந்ததும் கேட்கிறேன். இப்படி ஒரு புத்தகத்தை வரி வரியாக நான் வேதத்தைத்தான் படித்திருக்கிறேன்.

குழாய் என்ன தடிமன், தலைக்கவசத்துக்கும் குழாய்க்கும் எத்தனை அங்குலம், கதவுக் குழாய் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் எங்கே போக வேண்டும், தரையில் ஆறுக்கு ஆறு தகடு. எல்லாம் குறித்துக்கொண்டேன். வெல்டிங்கைப் பற்றியும் ஒரு பக்கம் இருந்தது. புரட்டிவிட்டேன். தண்ணீர் எப்படிக் குடிப்பது என்று எனக்குப் புத்தகம் சொல்ல வேண்டுமா?

ஆகஸ்ட் 25

கூண்டின் பெரிய வளையம் முதல் தடவை கோணலாக வளைந்தது. நல்ல குழாய் வீண். இரண்டாவது சரி.

செப்டம்பர் 8

ரெய்னியைத் தலைக்கவசத்தோடு உட்கார வைத்து அளந்தேன். அரை மணி நேரம் அசையாதே என்றால் பாட்டுப் பாடுகிறாள். டெல்பர்ட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். குழாய்களுக்கு நடுவில் அவள் முகத்தை. நான் கூப்பிட்டதும் போய்விட்டான்.

செப்டம்பர் 19

கூண்டு வெல்டிங் முடிந்தது. பதினோரு நாள். கூரைக்கு அடியில் எட்டாத இடத்துக்கெல்லாம் கழுத்தைத் திருகிக்கொண்டு செய்தேன். அறுபத்தாறு வயது. எழுதி வைக்கிறேன், யாராவது மறந்துவிடப் போகிறார்கள்.

செப்டம்பர் 22

இரண்டு நாளாக கிரைண்டர். ஒவ்வொரு தையலையும் வழித்துத் தேய்த்தேன். நாங்கள் வெல்டிங்கைத் தையல் என்றுதான் சொல்வோம். கரித் தொட்டிக்குள் தையல் துருத்திக்கொண்டிருந்தால் கரி அதில் தங்கும், ஈரம் பிடிக்கும், துரு ஏறும். வழித்துவிட்டால்தான் கரி வழுக்கிக் கொட்டும். துருத்துகிற தையலோடு தொட்டியை வெளியே விட்டால் மேஸ்திரி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். தேய்க்காத தையல் முடிக்காத வேலை.

டெல்பர்ட் விளக்கைப் பிடித்துக்கொண்டான். பேசவே இல்லை. பிறகு அவனே சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பார்த்தேன். குழாயிலிருந்து குழாய் முளைத்த மாதிரி இருக்கிறது. எங்கே சேர்ந்தது என்று விரலுக்குத் தெரியவில்லை.

டேக்கட் இதைப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 28

டேக்கட் பார்த்தான்.

இன்று சோதனை. ஓடெல் தடிமன் பார்க்கிற கருவியைக் குழாயில் வைத்தார், சரி. தலைக்கவசம், சரி. கதவுக் குழாய், சரி. தரைத் தகடு, "ரொம்ப நல்லாருக்குக்கா". அப்புறம் பெரிய வளையத்தின் மூலையில் கையை வைத்தார். எடுத்தார். இன்னொரு மூலையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அக்கா, இத தேய்ச்சீங்களா?"

"ஆமா. எல்லாத்தையும்." பெருமையாகத்தான் சொன்னேன். கடவுளே, பெருமையாகத்தான் சொன்னேன்.

"கூண்டு வெல்டிங்க தேய்க்கவே கூடாதுக்கா. தேய்ச்சா உள்ள எவ்வளவு இரும்பு மிச்சம் இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அந்த வரி வரியாத் தெரியறதுதான் எனக்குச் சாட்சி. நீங்க சாட்சி வாயத் தச்சுட்டீங்க."

புத்தகத்தைத் திறந்து காட்டினார். நான் புரட்டிவிட்ட பக்கம். ஒரே ஒரு வரி. தடை என்கிற வார்த்தை. அது எனக்குத் தெரிந்த வார்த்தைதான்.

டேக்கட் இந்தத் தடவை சிரிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. "அக்கா, மனசு விடாதீங்க. கரித் தொட்டிக்கு அப்படித்தான், எனக்குத் தெரியும். எங்கப்பாவும் அங்கதான வேலை பாத்தாரு" என்றான். அந்த இரக்கத்தை அவன் தலையிலேயே கொட்டிவிடலாம் போல இருந்தது.

திரும்பும்போது ஓடெல் டெல்பர்ட்டிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது: "நீ பந்தய வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறவன்தான? உனக்குத் தெரியாதா?"



செப்டம்பர் 29

சபைக்குப் போகவில்லை. சமையலறையில் டெல்பர்ட்டை உட்கார வைத்துக் கேட்டேன்.

"தெரியுமாடா?"

"தெரியும்."

"ரெண்டு நாள் விளக்கப் புடிச்சியே. வாயத் தொறக்கலையே."

"தொறந்தா நீ சரியாப் போட்டுருப்ப."

"போட்டா என்ன?"

"அவ ஒன்பது நொடில போவா. அப்புறம் எட்டுல போவா. எனக்கு இருக்கறது அவ ஒருத்திம்மா. ஓட்டாதன்னா கேக்க மாட்டா. உன்கிட்ட கூண்டு போடாதன்னா நீ கேக்க மாட்ட. தேய்க்க ஆரம்பிச்சியா... சரி, அது பாட்டுக்கு நின்னு போகட்டும்னு விட்டுட்டேன்."

நான் என்ன சொன்னேன்? நிறைய சொன்னேன். எல்லாவற்றையும் எழுத முடியாது. உனக்குப் பயம் இருந்தால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும், என் கையாலேயே என் வேலையைக் கெடுக்க வைத்து வேடிக்கை பார்த்தாயே என்றேன். அவன் அழுதான். நாற்பத்தாறு வயது ஆள். நான் அழவில்லை.

இப்போது எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. பக்கத்தைப் புரட்டியது அவன் இல்லையே. நான்தானே.

செப்டம்பர் 30

பட்டறைப் பக்கமே போகவில்லை.

அக்டோபர் 1

ரெய்னி ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"பாட்டி, தேய்ச்சது மேலயே புதுசா ஒரு தையல் ஓட்டிடலாம். வரி வரியா அழகா. வேற ஊர் சோதனைக்காரன்கிட்ட காட்டலாம். மூணு நாள் வேலை. இன்னும் அஞ்சாம் தேதி வரலையே."

முடியும். செய்தால் யாருக்கும் தெரியாது. நானே போட்டால் ஓடெல்லுக்குக்கூடத் தெரியாது. அவ்வளவு நன்றாகப் போடுவேன்.

"அடியில எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எனக்கே தெரியாது."

"தாங்கும் பாட்டி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ போட்டது தாங்கும்."

அப்படி நம்புகிறாள். அதனால்தான் இன்னும் பிடிவாதமாக முடியாது என்றேன். கத்தினாள். அப்பா ஒரு பக்கம், நீ ஒரு பக்கம், இரண்டு பேரும் சேர்ந்து என் வருஷத்தைத் தின்றுவிட்டீர்கள் என்றாள். கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

போகட்டும். என் மேல் கோபமாக இருக்க அவள் உயிரோடு இருக்க வேண்டும்.

அக்டோபர் 2

வெட்டினேன். முழுக் கூண்டையும். முதல் வெட்டு பெரிய வளையத்தில். வெட்டின இடத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு மூலையில் தையல் காகிதம் மாதிரி இருந்தது. காகிதம்.

அந்தத் துண்டை ரெய்னி வேலைக்குப் போகிற வண்டியின் கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தேன். கடிதம் எழுதவில்லை.

அக்டோபர் 5

தேதி முடிந்தது. இடம் பதினேழாவது வண்டிக்குப் போய்விட்டது.

அக்டோபர் 12

பந்தயம் இன்று. நாங்கள் போகவில்லை. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்ததால் மலைக்கு அப்பாலிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு ஜோடி கிளம்பும்போதும் தகரக் கூரை அதிர்ந்தது.

பத்து மணிக்கு ரெய்னி பட்டறைக்குள் வந்தாள். அந்த வெட்டுத் துண்டு அவள் மேல்சட்டைப் பையில் இருந்தது. கையுறையைப் போட்டுக்கொண்டு புதுக் குழாயின் இன்னொரு முனையைப் பிடித்தாள். சாயங்காலம் வரை பிடித்தாள். அசையவில்லை. பாட்டுகூடப் பாடவில்லை.

அக்டோபர் 16

இந்தத் தடவை அந்தப் பக்கத்தைப் படித்தேன். இரண்டு தரம். இருபத்தேழு வருஷம் செய்தவளுக்குத் தெரியாத இரண்டு விஷயம் அதில் இருந்தது. என்னவென்று எழுத மாட்டேன்.

அக்டோபர் 20

டெல்பர்ட் வந்தான். வாசலிலேயே நின்றான்.

"நான் எதையாச்சும் புடிக்கவாம்மா?"

"விளக்கு வேண்டாம்."

சிரிக்க வைக்க நான் அதைச் சொல்லவில்லை, ரெய்னிதான் களுக்கென்று சிரித்தாள். அவனும் சிரித்தான், பயந்துகொண்டே. கதவுக் குழாயைக் கொடுத்தேன். ஒரு நூல் விலகியிருக்கிறது என்று அவனே சொன்னான். அவன் சொன்னது சரி. தகடு வேலைக்காரன் கண், தப்பாது. கழற்றி மறுபடி வைத்தோம்.

வெளியே போகும்போது நான் கேட்டேன், "இப்பவும் பயமா?"

"ஆமா" என்றான். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

"எனக்கும்தான்" என்றேன். இதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை.

அக்டோபர் 27

கை பரபரக்கிறது. தேய்க்காத தையலைப் பார்த்தால் தலை வாராமல் சபைக்குப் போன மாதிரி இருக்கிறது. கிரைண்டரை எடுத்து டெல்பர்ட்டின் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 2

ஓடெல் பேட்டரி விளக்கோடு உள்ளே போய் முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை. ஒவ்வொரு தையலிலும் கட்டைவிரலை வைத்து வரிகளை எண்ணுகிறவர் மாதிரி ஓட்டினார். டேக்கட் வேலியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். இன்று அவனுக்கு இங்கே வேலை ஒன்றும் இல்லை, சும்மா வந்திருக்கிறான்.

ஓடெல் வெளியே வந்து முழங்காலைத் தட்டிவிட்டார். "கூரைக்கு அடில, கண்ணாடி ஓரத்துல ஒரு மூலை இருக்கே, அங்க கை எப்படிக்கா போச்சு?"

"போகல. கழுத்துதான் போச்சு."

ஸ்டிக்கரை ஒட்டினார். உள்ளங்கையால் இரண்டு தரம் அழுத்தினார்.

டேக்கட் குனிந்து உள்ளே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் கேட்டான்: "அக்கா, வாரத்துக்கு ரெண்டு நாள் நம்ம பட்டறைக்கு வர்றீங்களா?"

"உன் ரூல் புக்கு நூறு பக்கமாச்சே, நான் எங்க படிக்கிறது!"

அவன் காது சிவந்துபோனது. இந்த வருஷத்தில் நான் பார்த்ததிலேயே நல்ல நிறம் அதுதான்.

நவம்பர் 9

சீசன் முடிந்துவிட்டது. இன்று யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கிற நாள். மேடையில் முப்பது பேர் இருந்தால் அதிகம். கோப்பை கிடையாது, பெயர் கூப்பிடுகிறவன்கூட வரவில்லை. குளிர். எனக்கு இது போதும்.

ரெய்னிக்கு வார்ப்பட்டையை மாட்டிவிட நான் குனிந்தேன். டெல்பர்ட் என்னை ஒதுக்கிவிட்டு அவனே குனிந்தான். தோள் வார் இரண்டையும் இழுத்தான், மறுபடி இழுத்தான், காலை வண்டியில் ஊன்றிக்கொண்டு இழுத்தான்.

"அப்பா, மூச்சு விடணும்ப்பா!"

"கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் விட்டுக்க."

பச்சை விழுந்தது. இந்தத் தடவை முன்சக்கரம் இரண்டும் ஒரே அளவுக்கு எழும்பின. ஒரு சாண். சீராக. எழும்பி, இறங்கி, நூல் பிடித்த மாதிரி போனாள். ஒன்பது புள்ளி ஒன்று எட்டு. நான் நேரப் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டெல்பர்ட் என்னை விட்டுவிட்டுப் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு அவள் நின்ற முனைக்குப் பறந்துவிட்டான். கிழவி ஒருத்தி நிற்கிறாளே என்கிற நினைப்பே இல்லை. ஓடெல் வண்டியில் ஏறித்தான் போய்ச் சேர்ந்தேன்.

போய்ப் பார்த்தால் அப்பனும் மகளும் வண்டிக்குப் பின்னால் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பின் ஸ்பிரிங்கை மாற்றாமல் ஒன்பதுக்குக் கீழே வரவே முடியாது என்று ஒருவர், வரலாம் என்று ஒருவர்.

மாற்றியே ஆக வேண்டும் என்று கத்தியது டெல்பர்ட்.